நடுவட்டத்தில் ஒரு தூண்

மார்ச் 4, செவ்வாய்க்கிழமை.
இன்றைய பிழை: தூணை இடப்பக்கமாகச் சுற்றி ஓடுவதற்குப் பதில் வலப்பக்கமாகச் சுற்றிவிட்டேன். காரணம்: பந்து வலப்பக்கம் இருப்பதாக நினைத்துக்கொண்டேன். வகுப்பில் பந்து கிடையாது என்பது ஓடி முடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

இவ்வளவையும் எழுதி, அடியில் கோடும் போட்ட பிறகு சின்னவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இது ஒரு பிழையா, இரண்டு பிழையா? வலப்பக்கம் சுற்றியது ஒன்று. இல்லாத பந்தை இருப்பதாக நினைத்தது இன்னொன்று. நடுவர் பயிற்சிக் கழகத்தின் விதிப்படி ஒவ்வொரு மாணவரும் தினமும் ஒரு பிழையை ஒப்புக்கொண்டு நாட்குறிப்பு எழுத வேண்டும். பிழையே இல்லை என்று எழுதினால் தலைக்கனம். இரண்டு எழுதினால் விளம்பரம். போன வாரம் சைக்கிள் கடைக்காரர் ஒருவர் மூன்று எழுதிக்கொண்டு வந்து, அன்று முழுக்க வாசலில் நின்றார்.

கடைசி வாக்கியத்தை அடித்தாள். அடித்தது பிழையோ என்று தோன்றியது. அப்படியானால் அது நாளைக்கு ஆகும் என்று நோட்டை மூடினாள்.

பகலில் அவளுக்குச் சலவைக் கடையில் வேலை. வருகிற துணிக்கெல்லாம் எண் எழுதிய துண்டுச் சீட்டைக் குத்துவது. ஒருவர் சட்டை இன்னொருவருக்குப் போனதாக இதுவரை புகார் வந்ததில்லை. ஆனாலும் கடையைப் பூட்டும்போது, எங்கேயோ ஒரு சட்டை இந்நேரம் தப்பான உடம்பில் ஏறிக்கொண்டிருக்கிறது என்றுதான் அவளுக்குத் தோன்றும். இப்படிப்பட்டவள் நடுவர் வேலைக்குப் போகலாமா என்று யாராவது கேட்டிருந்தால், போகக் கூடாது என்று அவளே சொல்லியிருப்பாள். ஆனால் யாரும் கேட்கவில்லை. அக்கா சொன்னாள், அவ்வளவுதான்.

அக்கா பிஸ்கட் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் இருக்கிறாள். அந்தப் பிரிவுப் பெண்கள் சேர்ந்து ஒரு கால்பந்து அணி வைத்திருந்தார்கள். அக்காதான் கேப்டன், பின்வரிசையில் ஆடுவாள். நாள் முழுக்கச் சூப்பர்வைசர் 'சீக்கிரம், சீக்கிரம்' என்று விரட்டிக்கொண்டே இருக்கும் வேலை அது. வாரத்தில் ஒரு சாயங்காலம் மட்டும் யாரும் விரட்டாமல் அக்கா தானாகவே ஓடுவாள். அன்றைக்கு வீட்டுக்கு வரும்போது முழங்கால் சிராய்த்து, முகம் மட்டும் பளிச்சென்று இருக்கும்.

அந்தச் சாயங்காலத்துக்குத்தான் இந்த வருடம் ஆபத்து வந்தது. லீக்கில் ஆட வேண்டுமானால் ஒவ்வொரு அணியும் உரிமம் பெற்ற நடுவர் ஒருவரைக் கொடுக்க வேண்டும், இல்லையேல் பெயர் நீக்கப்படும் என்று கழகம் அறிவித்தது. அதுவரை ஆட்டம் பார்க்க வந்தவர்களில் யாராவது ஒருவர் விசிலை வாங்கி ஊதிக்கொண்டிருந்தார்.

"சாயங்காலம் நீ சும்மாதானே இருக்க?" என்றாள் அக்கா.

"சும்மா இல்லக்கா. நாட்குறிப்பு எழுதறேன்."

"சும்மா இருக்கறதைத்தானே எழுதற? இனிமே ஒரு வேலையைச் செஞ்சுட்டு எழுது. ரெஃப்ரி கிளாஸ்ல உன் பேரைக் குடுத்துட்டேன்."

"எனக்கு ஃபுட்பாலே தெரியாதேக்கா!"

"அதனாலதான் ரெஃப்ரி. தெரிஞ்சிருந்தா ஆட வெச்சிருக்க மாட்டோமா?"

அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. "நாலு பேர் வாயில விழற வேலைக்கு அவளைப் போய் அனுப்பறியேடி."

"அவளை அவளே தினம் திட்டிக்கறாம்மா. பழகின வேலைதானே."

அப்படித்தான் சின்னவள் கழகத்தின் மாடிப்படி ஏறினாள்.

கழகத்துக்குப் பின்னால் அருமையான மைதானம் ஒன்று இருந்தது. வகுப்பு ஜன்னலிலிருந்து பார்த்தால் பச்சைப் பசேலென்று தெரியும். ஆனால் பூட்டியே கிடக்கும். ஓடினால் புல் கெட்டுப்போகும் என்பதால் அதில் பயிற்சி கிடையாது. ஆட்ட நாளில் ஆட வருகிறவர்களையே காவலாளி முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் உள்ளே விடுவார். ஆகவே வகுப்பு மாடிக் கூடத்தில் நடந்தது. தரையில் வெள்ளை வர்ணத்தில் ஒரு குட்டி மைதானம் வரைந்திருந்தார்கள். அதன் நட்டநடுவில், கூரையைத் தாங்கிக்கொண்டு, ஒருவர் கட்டிப்பிடித்தால் கை எட்டாத பருமனில் ஒரு தூண் நின்றது. வர்ணம் அடித்தவர் தூணுக்கு மரியாதை கொடுத்து, அதைச் சுற்றியே நடுவட்டத்தை வரைந்திருந்தார்.

நடுவர் என்பவர் மைதானத்தில் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் குறுக்காக ஓடிக்கொண்டே ஆட்டத்தைக் கவனிக்க வேண்டும். இந்தக் கூடத்தில் குறுக்காக ஓடினால் தூணில் போய் மோத வேண்டியதுதான். அதனால் முதல் வகுப்பு மாணவர்கள், வேறு வழியில்லாமல், தூண் வந்ததும் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். அவர்களில் சிலர் அடுத்த வகுப்புக்கு ஆசிரியர்களானார்கள். அந்த வகுப்பில் ஒருவர் கையேடு எழுதினார். கையேட்டில் இப்போது அதற்கு 'மைய விலகல்' என்று பெயர். அணுகல், விலகல், மீட்சி என்று மூன்று படிகள். ஒவ்வொன்றுக்கும் படம் உண்டு. படத்தில் தூண் கிடையாது. நடுவர் மட்டும் எதற்கோ ஒதுங்கி ஓடுவார்.

விசிலுக்கும் ஒரு முறை இருந்தது. கூடத்துக்கு நேர் கீழே கணக்குப் பிரிவு. விசில் சத்தத்தில் கூட்டல் தப்பிப்போகிறது என்று அவர்கள் எழுதிக் கொடுத்ததால், மாணவர்களின் விசில்களில் பஞ்சு அடைத்து, மேலே அரக்கு வைத்துக் கொடுத்தார்கள். ஊதினால் கன்னம்தான் உப்பும்.

"கன்னம்! கன்னம் எங்க?" என்று வகுப்பெடுக்கும் மாஸ்டர் கூடம் அதிரக் கத்துவார். அவர் கத்துவதைப் பற்றிக் கணக்குப் பிரிவு எதுவும் எழுதிக் கொடுத்ததில்லை. "இன்னும் உப்பணும்மா. ஆடறவ உன் கன்னத்தைப் பாத்தே நின்னுடணும்."

வகுப்பில் எல்லோரும் மரியாதை வைத்திருந்த மாணவர் ஒருவர் உண்டு. பேக்கரி நடத்துபவர். ஏழாவது வருடமாக அதே வகுப்பில் இருக்கிறார். இத்தனை வருடமும் ஆசைக்காக வந்தவர், இந்த வருடம் கட்டாயத்துக்காக வந்தார். அவர் மனைவி மருத்துவமனையில் நர்ஸ், நர்ஸுகள் அணியின் கோல்கீப்பர். அந்த அணி பேக்கரிக்காரரின் பெயரைத்தான் கொடுத்திருந்தது.

"தூணைச் சுத்தறது எனக்கு ரத்தத்துல ஊறிடுச்சும்மா," என்பார் சின்னவளிடம். "என் கடையில அடுப்புக்கும் மேசைக்கும் நடுவுல ஒண்ணுமே கிடையாது. ஆனாலும் நான் ஒதுங்கித்தான் போவேன். ரொட்டி கருகுது. ஆனா என்ன அழகா போறேன் தெரியுமா?"

"அப்புறம் ஏன் சார் ஏழு வருஷம்?"

"மீட்சியில அரை மார்க் விட்டுடறேன்," என்று தலையைக் குனிந்துகொண்டார்.

சின்னவள் பொறுமையாகக் கற்றாள். வீட்டில் துணி உலர்த்தும் கொடிக்கு நடுவே ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்துச் சுற்றினாள். காலுறையை முழங்காலுக்குக் கீழே எவ்வளவு இறக்கி நிறுத்துவது, மஞ்சள் அட்டையை எந்தப் பையில் வைப்பது, அட்டை காட்டும்போது புருவத்தை எவ்வளவு தூக்குவது எல்லாம் வந்துவிட்டது. ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. மதிப்பெண் தாளை விளக்கத் தலைமை மதிப்பீட்டாளர் வந்த அன்று கேட்டேவிட்டாள்.

"சார், சரியான தீர்ப்பு சொன்னா எத்தனை மார்க்?"

தலைமை மதிப்பீட்டாளர் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். கை உயரம், கன்னம், காலுறை, புருவம், மைய விலகல்.

"அதுக்குக் கட்டம் இல்லையேம்மா," என்றார் அன்பாக. "நீ சொல்றது சரியா தப்பானு பாக்கணும்னா நாங்க ஆட்டத்தைப் பாக்கணும். நாங்க உன்னைப் பாப்போமா, ஆட்டத்தைப் பாப்போமா?"

அது நியாயமாகத்தான் பட்டது. அன்றைய பிழையாக 'தேவையில்லாத கேள்வி கேட்டேன்' என்று எழுதினாள். அவர் விளக்கியது அவளுக்குப் புரிந்த அளவில் இவ்வளவுதான்: பரீட்சை நாளில் மதிப்பீட்டாளர் நடுவரைப் பார்ப்பார். மேல் மதிப்பீட்டாளர் மதிப்பீட்டாளரைப் பார்ப்பார். தலைமை மதிப்பீட்டாளர் மேல் மதிப்பீட்டாளரைப் பார்ப்பார். இயக்குநர் எல்லோரையும் பொதுவாகப் பார்ப்பார். பந்தைப் பார்க்கத்தான் ஆள் போடவில்லை.

இயக்குநர் பரீட்சைக்கு முந்தின வாரம் வகுப்புக்கு வந்து பேசினார். நல்ல கனத்த குரல். பேசும்போது தூணில் ஒரு கையை ஊன்றிக்கொண்டார்.

"போன வருஷம் மட்டும் இந்தக் கழகம் நாப்பது மதிப்பீட்டாளர்களை உருவாக்கியிருக்கு. மேல் மதிப்பீட்டாளர் பன்னெண்டு பேர். நடுவர் எத்தனை பேர்னு சிலர் கேக்கறாங்க. அதுல நாங்க அவசரப்படல. அவசரப்பட்டு ஒரு நடுவரை உருவாக்கிட்டா என்ன ஆகும்? அவர் மைதானத்துக்குப் போவார். போனா தப்பு செய்வார். தப்பு செஞ்சா யாருக்குக் கெட்ட பேர்? பெருமையா சொல்றேன், நம்ம நடுவர்கள் மேல இதுவரைக்கும் ஒரு புகார்கூட வந்ததில்ல!"

எல்லோரும் கைதட்டினார்கள். பேக்கரிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப இந்த வருஷமும் யாரும் பாஸ் ஆகலைன்னா, லீக்ல டீமே இருக்காதே சார்?" என்று வாசலருகே நின்றிருந்த சைக்கிள் கடைக்காரர் கேட்டார்.

"புல் நல்லா வளரும்," என்றார் இயக்குநருக்குப் பின்னால் நின்ற காவலாளி. அதற்கும் கைதட்டல் வந்தது.

ஏப்ரல் 12, சனிக்கிழமை பரீட்சை. மைதானத்தைத் திறந்துவிட்டார்கள். மற்ற அணிகள் அனுப்பிய ஆட்களெல்லாம் நடுவிலேயே கழன்றுகொண்டதால், மிஞ்சியது இரண்டே பேர்: பேக்கரிக்காரரும் சின்னவளும். இரண்டே அணிகள்: நர்ஸுகளும் பேக்கிங் பிரிவும். ஆளுக்கொரு பாதி ஆட்டம். கோட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு மதிப்பீட்டாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள், ஒவ்வொருவரும் பக்கத்திலிருப்பவரைப் பார்த்தபடி.

ஆட்டம் தொடங்கும் முன் அக்கா சின்னவளின் காலரைச் சரிசெய்து விட்டாள். "இங்க பாரு. நீ பாஸ் ஆனாத்தான் நாங்க ஆட முடியும். ஃபெயிலானா எங்க பதினோரு பேரோட சாயங்காலமும் போச்சு. வேற எதையும் யோசிக்காத. அந்த மனுஷங்க என்ன கேக்கறாங்களோ அதைச் செய்."

முதல் பாதி பேக்கரிக்காரருடையது. அவர் ஓடி வந்து நடுவட்டத்தை நெருங்கினார். அணுகல். வெறும் புல்வெளியில், எதுவுமே இல்லாத ஓர் இடத்தைச் சுற்றி, வயிற்றை உள்ளிழுத்து, இடுப்பை வளைத்து ஒதுங்கினார். விலகல். பார்க்கவே அழகாக இருந்தது. அந்த நேரம் பார்த்து பேக்கிங் பிரிவுப் பெண் ஒருத்தி ஓங்கி உதைத்தாள். பந்து கோலுக்குள் போய், வலையின் கிழிசல் வழியாகப் பின்னால் வெளியேறி, வேலியோரம் உருண்டது. மீட்சி முடிந்து பேக்கரிக்காரர் திரும்பிப் பார்த்தபோது பந்து வேலியோரம் இருந்தது.

"கோல் சார், கோல்!" என்று பதினோரு பேரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"நான் பாக்கலையேம்மா. நான் விலகல்ல இருந்தேன்."

"உங்க பொண்டாட்டியையே கேளுங்க சார்!"

கோல்கீப்பர் மனைவி வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பேக்கரிக்காரர் கோல் இல்லை என்றார். நாற்காலிகளில் ஒரு பரவசம் ஓடியது. மைய விலகலில் அவருக்கு முழு மதிப்பெண், ஏழு வருடத்தில் முதல் முறையாக. ஆனால் வாக்குவாதத்தில் காலுறை சரிந்துவிட்டது, அதில் அரை மதிப்பெண் போய்விட்டது.

இரண்டாம் பாதி. சின்னவள் மனசுக்குள் மூன்று படிகளையும் சொல்லிக்கொண்டே ஓடினாள். இரண்டு முறை அழகாகவே சுற்றினாள். மூன்றாவது முறை நர்ஸுகள் பக்கத்திலிருந்து பந்து நீளமாகப் பறந்து வந்து அவள் தலைக்கு மேலே போயிற்று. அவள் அதைப் பார்த்துக்கொண்டே ஓடினாள். காலடியில் புல் மெத்தென்று இருந்தது. எதிரே ஒன்றுமே இல்லை. நேராக ஓடினாள்.

அதனால் அவள் கோலுக்கு அருகிலேயே இருந்தாள். அக்கா எம்பினாள். பந்து அவள் தலைக்கு எட்டவில்லை. அக்காவின் வலது கை மேலே போய், பந்தைத் தட்டி அப்பால் தள்ளியது. சின்ன வயதில் அலமாரி உச்சியிலிருந்து அம்மாவுக்குத் தெரியாமல் டப்பாவை இறக்கும் அதே கை.

தப்பாகப் பார்த்தேனோ என்று சின்னவள் தன்னைக் கேட்டுக்கொள்ளக் காத்திருந்தாள். கேள்வி வரவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

விசிலை வாயில் வைத்து ஊதினாள். கன்னம் உப்பியது. பஞ்சு. ஆட்டம் நிற்கவில்லை. இன்னும் ஊதினாள். மாஸ்டர் மட்டும் தூரத்தில் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார், கன்னத்துக்காக. சின்னவள் கொண்டையிலிருந்து ஊசியை உருவினாள். அரக்கை உடைத்து, பஞ்சைக் கிளறி எடுத்து எறிந்துவிட்டு, மூச்சை இழுத்து ஊதினாள்.

அந்த மைதானத்தில் அவ்வளவு பெரிய சத்தம் கேட்டு வெகுகாலமாகியிருக்க வேண்டும். வேலி மரத்திலிருந்து காக்கைகள் எழுந்தன. கணக்குப் பிரிவின் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. இருபத்திரண்டு பெண்களும் நின்றார்கள். அவள் பெனால்ட்டி இடத்தைக் காட்டினாள்.

"ஏய்! என்னடி பண்ற?" அக்கா ஓடி வந்தாள்.

"கை பட்டுச்சுக்கா."

"எப்படிடி பாத்த?"

"பக்கத்துல இருந்தேன்."

"எந்த ஊர்லடி ரெஃப்ரி பக்கத்துல இருப்பான்?" அக்காவுக்கு மூச்சு வாங்கியது. "எங்க கோலை அந்த ஆள் முழுங்கிட்டாரு. இப்ப நீ வேற..."

"அதுக்கு நான் என்ன செய்யக்கா? அது அவர் பாதி."

நர்ஸுகள் உதைத்தார்கள். கோல். ஆட்டம் அப்படியே முடிந்தது.

தலைமை மதிப்பீட்டாளர் அவளைக் கூப்பிட்டபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

"நீ என்ன செஞ்சேன்னு உனக்குப் புரியுதா?"

"பெனால்ட்டி குடுத்தேன் சார்."

"அதை யார் கேட்டா? யாருக்கோ குடுத்திருப்ப, யாரோ வாங்கியிருப்பாங்க. நீ தூணுக்குள்ள புகுந்து ஓடியிருக்க!"

"அங்க தூணே இல்லையே சார்."

மதிப்பீட்டாளர் மேல் மதிப்பீட்டாளரைப் பார்த்தார். மேல் மதிப்பீட்டாளர் தலைமை மதிப்பீட்டாளரைப் பார்த்தார்.

"இன்னிக்குத் தூணுக்குள்ள புகுந்து ஓடறவ," என்றார் தலைமை மதிப்பீட்டாளர் மெதுவாக, "நாளைக்கு எதுக்குள்ள வேணா புகுந்து ஓடுவா. அது போகட்டும். பஞ்சு எங்க?"

"எறிஞ்சுட்டேன் சார்."

"கழகத்துப் பஞ்சு!"

வெளிச்சம் இருக்கும்வரை மூன்று மதிப்பீட்டாளர்களும் காவலாளியும் குனிந்து குனிந்து புல்லில் பஞ்சைத் தேடினார்கள். தேடியதில் புல் நன்றாக மிதிபட்டது.

வீட்டில் அக்கா பேச்சை நிறுத்திவிட்டாள். அதாவது அம்மா வழியாகப் பேசினாள்.

"அம்மா, அந்த நடுவர் அம்மாவுக்குக் குழம்பு வேணுமான்னு கேளு."

"நீயே கேளேன்டி. கையெட்டற தூரத்துலதானே உக்காந்திருக்கா."

"கையைப் பத்தி மட்டும் இந்த வீட்ல யாரும் பேசாதீங்க."

சின்னவள் நாட்குறிப்பைத் திறந்தாள். 'ஏப்ரல் 12, சனிக்கிழமை. இன்றைய பிழை:' என்று எழுதினாள். பேனா அங்கேயே நின்றது. அன்று காலையிலிருந்து நடந்ததை வரிசையாக யோசித்துப் பார்த்தாள். முக்காற்புள்ளிக்கு அந்தப் பக்கம் வெறுமையாகவே இருந்தது. அப்படியே மூடிவிட்டாள். மூடின பிறகு பயமாக இருந்தது.

பயந்தது சரிதான். அடுத்த வாரம் இயக்குநர் தலைமையில் விசாரணைக் குழு கூடியபோது குற்றச்சாட்டுகள் மூன்று இருந்தன. தூணுக்குள் புகுந்தது. பஞ்சை எறிந்தது. நாட்குறிப்பில் பிழையை நிரப்பாதது. மூன்றாவதுதான் பெரியது என்றார்கள். நீளமான மேசைக்கு இந்தப் பக்கம் சின்னவள் நின்றாள், அந்தப் பக்கம் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். இந்தக் குழு உரிமம் தர முடியாது என்று சொல்லிவிட்டால் பேக்கிங் பிரிவின் பெயர் அன்றைக்கே லீக்கிலிருந்து போய்விடும். அக்கா பேசுகிறாளோ இல்லையோ, அவள் முழங்கால் சிராய்ப்போடு சிரித்துக்கொண்டு வரும் சாயங்காலங்கள் போய்விடும்.  சின்னவளுக்கு எப்படியாவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

"சார், நான் வேணும்னு செய்யல. அங்க ஒரு தூண் இருந்திருந்தா கண்டிப்பா சுத்தியிருப்பேன் சார்."

இயக்குநர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்ன சொன்ன?"

"தூண் இருந்திருந்தா..."

"கேட்டீங்களா?" இயக்குநர் மேசையைத் தட்டினார். "இத்தனை பேர் இத்தனை வருஷமா இதை யோசிச்சோமா? நாம பாடத்திட்டத்தைத் திருத்தினோம். கையேட்டைத் திருத்தினோம். மாணவர்களைத் திருத்தினோம். மைதானத்தைத் திருத்தினோமா? இந்தப் பொண்ணு மேல குறை இல்லை. மைதானத்து மேல குறை!"

"சார், நான் அப்படிச் சொல்ல வரலை..."

"அடக்கம் வேற!" என்றார் இயக்குநர்.

கழகம் ஒரு காரியத்தை அவ்வளவு வேகமாகச் செய்ததை அதற்கு முன்னும் பின்னும் யாரும் பார்த்ததில்லை. நான்கே நாளில் மைதானத்தின் நடுவட்டத்தில் தூண் எழும்பிவிட்டது. அதே பருமன், அதே வெள்ளை. மேலே தாங்குவதற்குக் கூரை எதுவும் இல்லாததால் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே நிறுத்திக்கொண்டார்கள். பக்கவாட்டில் கருங்கல்லில் இயக்குநர் பெயர். திறப்பு விழாவில் அவர் ரிப்பனை வெட்டிவிட்டுப் பேசினார்.

"மைதானத்துல தூண் எதுக்குனு வெளியில சிலர் கேக்கறாங்க. நான் திருப்பிக் கேக்கறேன். தூணே இல்லாத மைதானத்துல நடுவர் எதைச் சுத்துவார்? ஆட்டக்காரங்களுக்கு இடைஞ்சலா இருக்குமாம். ஐயா, இது நடுவர் பயிற்சிக் கழகம். ஆட்டக்காரங்க எங்களுக்குக் கீழ வர்றவங்க இல்ல. பந்து தூண்ல பட்டுத் திரும்பினா என்ன தீர்ப்புனு கேக்கறாங்க. அதுக்கு ஒரு குழு போட்டிருக்கோம். அவங்க முடிவு சொல்ற வரைக்கும் பந்து தூண் பக்கம் போகாம பாத்துக்க வேண்டியது நடுவரோட பொறுப்பு."

அன்றே மறுபரீட்சை. பேக்கரிக்காரர் காலுறையை ரப்பர் வளையம் போட்டு இறுக்கிக்கொண்டு வந்து, தூணை மூன்று படியாகச் சுற்றினார். சின்னவளும் சுற்றினாள். சுற்றாமல் ஓடுவதற்கு இப்போது யாராலும் முடியாது. இருவருக்கும் உரிமம். பேக்கரிக்காரர் உரிமத்தை வாங்கி நெஞ்சில் வைத்துக்கொண்டு, மேடையிலிருந்து நேராக இறங்கக்கூட மனம் வராமல், இல்லாத எதையோ சுற்றிக்கொண்டு மனைவியிடம் போனார். புது விசிலும் கொடுத்தார்கள். புதிதாகப் பஞ்சு அடைத்து அரக்கு வைத்திருந்தது.

அக்காவுக்குத்தான் தூண் புதுசு. மறுபரீட்சையில் பந்தைக் காலோடு உருட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து ஓடி வந்தவள் நேராக அதில் போய் முட்டிக்கொண்டாள். மதிப்பீட்டாளர்கள் யாரும் கவனிக்கவில்லை. அந்த நேரம் சின்னவள் மீட்சியில் இருந்தாள்.

வீட்டில் அம்மா ஈரத்துணியை மடித்து அக்காவின் நெற்றியில் வைத்தாள். நெல்லிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது.

"எந்த மடையன்டி அந்தத் தூணைக் கொண்டுவந்து வெச்சான்?" என்றாள் அக்கா. இரண்டு வாரத்தில் அவள் நேராகச் சின்னவளைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை அது.

சின்னவள் விரலைப் பிசைந்தாள். "நான்தான்க்கா."

"என்னது?"

குழுவில் நடந்ததைச் சொன்னாள். அக்கா ஈரத்துணியைக் கையில் எடுத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள். அப்புறம் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று அம்மா பயந்துபோனாள். சிரிக்கும்போது நெற்றி வலித்ததால் 'ஐயோ, ஐயோ' என்று வேறு சொன்னாள்.

"பெனால்ட்டியும் நீ, தூணும் நீயா? எதிரிகூட எங்க டீமுக்கு இவ்வளவு செய்ய மாட்டான்டி!"

"லீக்ல பேர் இருக்குல்லக்கா."

"இருக்கு, இருக்கு. நாளைக்கு நர்ஸுங்களோட மேட்ச். ரெஃப்ரி நீதான். பேக்கரிக்காரர் விலகல்லயே இருப்பாரு, வேற நாதி இல்ல. அக்கா தங்கச்சியாச்சேன்னு அந்தக் கோல்கீப்பர்கிட்ட சொன்னேன். அவ சிரிக்கறா. 'உங்க தங்கச்சி உங்களுக்குச் சாதகமா ஊதினாத்தானே நாங்க பயப்படணும்'ங்கறா." அக்கா துணியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். குரலைத் தாழ்த்தினாள். "கை பட்டுச்சுதான்டி."

"தெரியும்க்கா."

"தெரியும்னு சொல்றதைப் பாரு! உனக்கு எப்பலேர்ந்து இதெல்லாம் தெரியும்?"

"பழைய மெத்தை ஒண்ணு பரண்ல கிடக்கு," என்றாள் அம்மா, யாரும் கேட்காமலே. "இலவம்பஞ்சு. உங்கப்பா படுத்தது. நல்ல கனமா இருக்கும்."

சின்னவள் நோட்டை எடுத்தாள்.

ஏப்ரல் 26, சனிக்கிழமை.
இன்றைய பிழை: இல்லை. போன வாரத்துப் பிழைதான் இன்னும் மைதானத்தின் நடுவில் நிற்கிறது.
நாளைய வேலை: காலையில் காவலாளி டீ குடிக்கப் போகும் நேரம் பார்த்து, மெத்தையைத் தூணைச் சுற்றிக் கட்ட வேண்டும். வீட்டுத் துணிக்கொடிக் கயிற்றையே அவிழ்த்துக்கொள்ளலாம். ஒரு முனையை அக்கா பிடிப்பாள், மறுமுனையைப் பேக்கரிக்காரரைப் பிடிக்கச் சொல்ல வேண்டும். சாயங்காலம் ஆட்டத்துக்குக் கிளம்பும் முன் விசிலிலிருந்து பஞ்சை எடுத்துவிட வேண்டும். கொண்டை ஊசி இரண்டாக எடுத்துக்கொள்ள வேண்டும்.